எடைக்கு மேலே ஒரு பிடி

ரயில்வே பார்சல் ஆபீஸிலிருந்து ஓய்வு பெற்ற அன்று எனக்கு ஒரு மாலை, ஒரு சால்வை, ஒரு சுவர்க் கடிகாரம் கொடுத்து அனுப்பினார்கள். இனிமேல் நேரமே பார்க்க வேண்டாம் என்று வீட்டுக்கு அனுப்புகிறவனுக்கு எதற்குக் கடிகாரம் என்று ஒருவரும் யோசிக்கவில்லை. அதற்குப் பிறகு எனக்குக் கிடைத்த ஒரே உருப்படியான உத்தியோகம், மொட்டை மாடியில் காக்கை விரட்டுவது.

அதைச் சாதாரணமாக நினைக்க வேண்டாம். ஸ்ரீரங்கத்து அம்மா மண்டபப் படித்துறைக் காக்கைகள் தலைமுறை தலைமுறையாகப் பிண்டம் தின்று வளர்ந்தவை. மனிதனைக் கண்டு பயப்படுகிற பழக்கம் அவற்றுக்குக் கிடையாது. இலை எங்கே, ஏன் இன்னும் தாமதம் என்று கேட்பது போலத்தான் பார்க்கும். அப்பேர்ப்பட்ட சேனையை நான் ஒரு ஒடிந்த குடையும் ரயில்வேயிலிருந்து கூடவே வந்துவிட்ட ஒரு பச்சைக் கொடியும் வைத்துக்கொண்டு எதிர்த்து நிற்கிறேன். என் பெயர் பீமராவ். பெயருக்கேற்ற உடம்பு மட்டும்தான் இல்லை, மற்றதெல்லாம் இருக்கிறது.

நான் காவல் காப்பது மயிலம்மாளின் வாழைப்பூ வடகத்தை. மயிலம்மாள் தொட்டியத்துக்காரர். அங்கே அவருடைய தம்பி வாழை போட்டிருக்கிறார். தார் முற்றுவதற்கு முன்னால் ஒடிக்கிற பூவையெல்லாம் மூட்டை கட்டி பஸ்ஸில் ஏற்றி அனுப்புவார். இந்தம்மா அதை நறுக்கி, அரிசி மாவோடு பிசைந்து, எங்கள் அடுக்குமாடியின் மொட்டை மாடியில் காயப்போடுவார். மாடியில் வடகம் போடக் கூடாது என்று குடியிருப்போர் சங்க விதி இருக்கிறதே என்று மூன்றாம் தளத்துக்காரர் ஆட்சேபித்தார். சங்கச் செயலாளர் நான். "துணி காயப்போடலாம்னு விதி இருக்கு. வடகம் துணி மேலதானே காயுது" என்றேன். மனிதர் அன்றிலிருந்து என்னோடு லிஃப்டில் ஏறுவதில்லை.

வடகம் விற்பது அம்மா மண்டபம் சாலையில். தர்மராஜ் என்பவர் வீட்டு மாடிப்படிக்குக் கீழே ஒரு பொந்து இருக்கிறது, அதுதான் கடை. மயிலம்மாள் உள்ளே இடப்பக்கம் பார்த்து உட்கார்ந்துவிட்டால், வலப்பக்கம் திரும்புவதற்கு வெளியே வந்து திரும்பிவிட்டுத்தான் மறுபடி உள்ளே போக வேண்டும். ஆனால் காவிரியில் முழுகிவிட்டுக் கோயிலுக்கு நடக்கிறவர்கள் அத்தனை பேரும் அந்தப் பொந்தைக் கடந்தே ஆக வேண்டும். இந்தியாவில் பாதிப் பேர் இந்த வருஷம் கடக்கிறார்கள். மீதிப் பாதி அடுத்த வருஷம் வருவார்கள்.

அந்தக் கடையில் ஒரு வழக்கம் உண்டு. வடகத்தை நிறுத்து முடித்ததும், மயிலம்மாளின் வலது கை தானாகப் பக்கத்து டப்பாவுக்குள் போய் ஒரு பிடி மோர் மிளகாயை அள்ளிப் பொட்டலத்தில் போட்டுவிடும். கொசுறு. கேட்டவருக்கும் உண்டு, கேட்காதவருக்கும் உண்டு. சண்டை போட்டுவிட்டு வாங்கியவருக்கு இரண்டு மிளகாய் கூடவே விழும். மிளகாயை மட்டும் விலைக்குக் கேட்டால் கிடையாது.

"கொசுறுக்கு விலை வெச்சுட்டா அப்புறம் கொசுறுக்கு நான் எங்க போறது" என்பார்.

"சரி, வடகத்தையே ஒரு பிடி கூடப் போடலாமே மயிலம்மா" என்று ஒரு நாள் வம்புக்குக் கேட்டேன்.

"அதையே போட்டா, முதல்ல நிறுத்தது குறைச்சல்னு நானே ஒத்துக்கிட்ட மாதிரி ஆயிடும் சார்."

வம்புக்குப் போன நான் கால் கிலோ வாங்கிக்கொண்டு திரும்பினேன், கொசுறோடு.

ஆடிப்பெருக்குக் கூட்டம் வடிந்த மறுவாரம் இரண்டு பேர் கடைக்கு வந்தார்கள். முதலில் வந்தவர் தர்மராஜ். கார்த்திகை பிறந்தால் ஒப்பந்தம் முடிகிறது, புது அட்வான்ஸ் கொடுத்தால் கடை மயிலம்மாளுக்கு, இல்லாவிட்டால் மொபைல் கவர் விற்கிற பாலுவுக்கு என்று சொல்லிவிட்டுப் போனார். அவர் கேட்ட அட்வான்ஸுக்கு அந்தப் பொந்தையே தங்கத் தகடு போட்டு மூடலாம். மயிலம்மாளிடம் ஐப்பசியில் விழப்போகிற சீட்டுப் பணம் இருந்தது. அட்வான்ஸுக்குச் சரியாக இருக்கும். அதற்கு மேல் ஒன்றுமில்லை.

இரண்டாவதாக வந்தவன் ரஞ்சித். பஜார்பெட்டி என்கிற ஆன்லைன் சந்தையின் பெயரை நெஞ்சில் எழுதிய பனியன் போட்டிருந்தான். பார்க்க லட்சணமான பையன், ஆனால் மூச்சு விடாமல் பேசுகிறவன்.

"அம்மா, உங்களுக்கு ஒரு கடை தரோம். ஆன்லைன் கடை. கார்த்திகை வரைக்கும் ஃப்ரீ. ஒரே ஒரு பொருள் போட்டுக்கலாம். புடிச்சிருந்தா அப்புறம் வருஷ சந்தா கட்டி தங்கக் கடை எடுத்துக்கலாம். எத்தனை பொருள் வேணும்னாலும் போடலாம், விளம்பரம் நாங்க காட்டுவோம், இந்தியா பூரா உங்க கஸ்டமர்."

"இந்தியா பூரா இங்கதான் தம்பி நடந்து போவுது" என்றார் மயிலம்மாள்.

அவருடைய மகள் பவித்ரா தில்லை நகரில் ஒரு கிளினிக்கில் ரத்தம் எடுக்கிற வேலையில் இருக்கிறாள். சாயங்காலம் வந்து விஷயத்தைக் கேட்டதும் அவள் கண் பிரகாசித்தது.

"அம்மா, நல்லா யோசிச்சுப் பாரு. அந்தப் பொந்துல வெந்துக்கிட்டுக் கிடக்கற. வருஷா வருஷம் தர்மராஜ் ஐயா ஏத்திக்கிட்டேதான் போவாரு. அதே பணத்துல தங்கக் கடை எடுத்தா வீட்லயே ஃபேன் கீழ உக்காந்து பாக் பண்ணலாம்."

"ஃபேன் கீழ உக்காந்தா வடகம் பறந்துடும்டி."

"சும்மா ஏதாவது சொல்லாதம்மா. ராவ் சார், நீங்க சொல்லுங்க."

நான் சொன்னேன். ஐயோ, எப்படிச் சொன்னேன். நாற்பது வருஷமாக இந்தியாவின் மூட்டைகளையெல்லாம் எடை போட்டு அனுப்பியவன் நான். ஒரு தடவை யானைக்குட்டிக்குக்கூட பார்சல் பில் போட்டிருக்கிறேன். அதை யாரும் நம்புவதில்லை, சில நாட்கள் நானே நம்புவதில்லை. மறுபடி பார்சல் அனுப்புகிற வாய்ப்பு வாசலில் வந்து நின்றால் விடுவேனா? இலவசம்தானே, கார்த்திகை வரை ஓட்டிப் பார்ப்போம், சரிப்பட்டால் தங்கக் கடை, இல்லாவிட்டால் பொந்து, சீட்டுப் பணம் எந்தப் பக்கம் போவது என்று அப்போது பார்த்துக்கொள்ளலாம் என்றேன். பார்சல் பிரிவுக்கு நானே பொறுப்பு என்று அறிவித்துக்கொண்டேன். சம்பளம் வடகம்.

ஆர்டர்கள் வந்தன. முதல் ஆர்டர் வந்த அன்று மாடியில் பச்சைக் கொடியை வீசினேன். காக்கைகள் குழம்பிப்போயின. அரைக் கிலோ வரைக்கும் கூரியருக்கு ஒரு கட்டணம், அதற்கு மேல் ஒரு நூல் தாண்டினாலும் முழுக் கிலோவுக்கு உண்டான கட்டணம் என்று ரஞ்சித் சொல்லியிருந்தான். ஆகவே நான் வடகத்தையும் உறையையும் அட்டைப்பெட்டியையும் சேர்த்து அரைக் கிலோவுக்குள் வருகிற மாதிரி, வைரம் நிறுக்கிறவன் கணக்காக நிறுத்தேன். எடையைப் பெட்டியின் மேல் எழுதி, ஒட்டுவதற்காக மயிலம்மாளிடம் கொடுத்தேன்.

இரண்டாம் வாரம் பவித்ரா போனைத் தூக்கிக்கொண்டு மாடிக்கே வந்துவிட்டாள்.

"சார், எல்லாப் பார்சலுக்கும் கூரியர் காசு டபுளா புடிச்சிருக்கான். எடை தப்புன்னு போட்டிருக்கான்."

"என் எடையா தப்பு?" எனக்கு ரத்தம் கொதித்தது. "ரயில்வேயே என் எடையைத் தப்புன்னு சொன்னது கிடையாது. அவங்க தராசைத் தொட்டியத்து ஆத்துல போடச் சொல்லு."

அன்றைக்குச் சாயங்காலம், அடுத்த பெட்டியை நான் நிறுத்து எழுதிக் கொடுத்துவிட்டு, நகராமல் பக்கத்திலேயே நின்று பார்த்தேன். மயிலம்மாள் டேப்பைப் பல்லால் கடித்து இழுத்தார். பெட்டியை மூடப் போனார். மூடுவதற்கு முன்னால் வலது கை தானாகப் பக்கத்து டப்பாவுக்குள் போயிற்று.

"மயிலம்மா."

"என்ன சார்?"

"அது என்ன?"

"கொசுறு."

"நான் எடை எழுதியாச்சே."

"எடை போட்டப்புறம் போடறதுதான சார் கொசுறு" என்றார், ரயிலுக்கு முன்னால் எஞ்சின் வருமா என்று கேட்டவனைப் பார்ப்பது போல என்னைப் பார்த்து.

பவித்ரா தலையில் கை வைத்துக்கொண்டாள். நான் சிரித்தேன். சிரித்துச் சிரித்துக் குடை கீழே விழுந்து, அந்த இடைவெளியில் காக்கைகள் ஒரு வரிசை வடகத்தை முடித்துவிட்டன.

"சரிம்மா, இனிமே போடாத" என்றாள் பவித்ரா.

"போடாம எப்படி அனுப்பறது? ஒருத்தர் அத்தனை தூரத்துல இருந்து நம்மகிட்ட கேட்டிருக்காரு."

"அப்ப வடகத்தைக் குறைச்சுக்கோ."

"அது திருட்டு."

அந்த ஒரு சொல்லோடு பேச்சு முடிந்தது. பார்சல்கள் முழுக் கிலோவுக்கான கட்டணத்தோடும் மிளகாயோடும் போய்க்கொண்டிருந்தன. ஒவ்வொன்றிலும் லாபம் என்பது மிளகாய்க் காம்பு அளவுக்கு மிஞ்சிற்று. சில சமயம் காம்பும் மிஞ்சவில்லை.

அப்புறம் புரட்டாசியில் புகார் வந்தது. புனேயிலிருந்து ஒரு வாடிக்கையாளர் பெட்டியைப் படம் எடுத்து, உள்ளே இருந்த மோர் மிளகாயைச் சுற்றிச் சிவப்பு வட்டம் போட்டு அனுப்பியிருந்தார். ஆர்டர் செய்யாத, அடையாளம் தெரியாத, கறுத்துப்போன பொருள் உள்ளே கிடக்கிறது என்று புகார். கொலை நடந்த இடத்தைக்கூட அவ்வளவு அக்கறையாகப் படம் எடுத்திருக்க மாட்டார்கள். பஜார்பெட்டியிலிருந்து உடனே கடிதம். அன்புள்ள விற்பனையாளரே என்று ஆரம்பித்தது. நம்மை அன்புள்ள என்று கூப்பிடுகிற முகம் தெரியாதவர்களிடம் எப்போதுமே எனக்கு ஒரு ஜாக்கிரதை உண்டு. இன்னொரு புகார் வந்தால் கடையைப் பூட்டிவிடுவார்களாம்.

மறுநாளே ரஞ்சித் வந்தான். பாவம், வியர்த்துக் கொட்டியிருந்தது. மயிலம்மாள் அவனுக்கு மோர் கொடுத்தார்.

"அம்மா, அந்த மிளகாயை மட்டும் நிறுத்திடுங்கம்மா. படத்துல என்ன இருக்கோ அதுதான் பெட்டியில இருக்கணும். எல்லாருக்கும் ஒரே மாதிரி. அதான் ரூல்."

"மிளகாயையும் படத்துல போட்டுட்டா?"

"ஃப்ரீ கடைக்கு ஒரு பொருள்தாம்மா. தங்கக் கடை எடுத்தீங்கன்னா மிளகாயைத் தனியா விக்கலாம்."

"அது விக்கிறது இல்லைன்னு சொன்னேனே தம்பி."

"அப்ப பெட்டிக்குள்ள என் போன் நம்பரை ஒரு சீட்டுல எழுதிப் போடறேன்" என்றேன் நான். "இது மோர் மிளகாய், தின்னுட்டுக் கூப்பிடுன்னு."

ரஞ்சித் பதறிவிட்டான். "சார், அது பெரிய தப்பு. கஸ்டமரை வெளிய இழுக்கறதுன்னு கடையை அன்னிக்கே தூக்கிடுவாங்க. உள்ள எந்தச் சீட்டும் போடக் கூடாது."

நான் அவனை ஓரமாக உட்கார வைத்தேன். "ரஞ்சித்து, வேலையை மறந்துட்டு ஒண்ணு சொல்லு. உங்க அம்மா இப்படி ஒரு கடை வெச்சிருந்தா தங்கக் கடை எடுக்கச் சொல்லுவியா?"

அவன் மோரைக் குடித்து முடித்தான். "எங்கம்மா புடவைக்கு ஃபால்ஸ் தைக்கறாங்க சார். அதை ஆப்ல போட முடியாது." கொஞ்சம் யோசித்துவிட்டு, "நல்லாப் போறவங்களும் இருக்காங்க சார். துறையூர்ல அருள்ராஜ்னு ஒருத்தர், பச்சைமலைத் தினை வாங்கி மாவாக்கி விக்கிறாரு. நீங்களே பேசிப் பாருங்க" என்று நம்பரைக் கொடுத்தான்.

பேசினேன். ரஞ்சித் பொய் சொல்லவில்லை. அருள்ராஜ் குரலிலேயே செழிப்பு தெரிந்தது.

"நல்லாப் போவுதுங்க. எனக்குச் சரிப்பட்டு வந்துச்சு. ஒரே மாவு, ஒரே பாக்கெட்டு, மெஷின் நிறுக்குது, நாலு பொம்பளைங்க ஒட்டறாங்க. ஆனா ஒண்ணு சார், சந்தா கட்டினா போதாது. விளம்பரத்துக்குத் தினம் தீனி போட்டுக்கிட்டே இருக்கணும். ஒரு வாரம் நிறுத்தினேன். கடை இருக்கற இடமே தெரியலை, ஆள் தேடினாலும் பதினெட்டாவது பக்கத்துல கிடக்கு. அந்தம்மா எவ்வளவு சரக்கு போடுவாங்க?"

ஒரு மொட்டை மாடி அளவு என்றேன். அவர் சிரிக்கவில்லை. "பார்த்துச் செய்யுங்க" என்றார்.

இதைப் பவித்ராவிடம் சொன்னேன். அவளுக்குக் கோபம். "எல்லாரும் சின்னதாத்தான ஆரம்பிச்சாங்க? அம்மா ஒரு மிளகாயை விட்டுக்குடுத்தா போதும். ஒரு மிளகாய்க்காக ஆயுசுக்கும் படிக்கட்டுக்குக் கீழ உக்காரணுமா? போன சித்திரையில மயக்கம் போட்டு விழுந்தப்ப நீங்கதானே சார் ஆட்டோ புடிச்சீங்க?"

அவள் சொன்னது நியாயம். வாயாடிகளை நியாயம்தான் மடக்கும்.

அன்றிரவு வேலையற்றவனுக்கே உரிய பொறுமையோடு பஜார்பெட்டியின் விதிகளை முழுக்கப் படித்தேன். ரயில்வேக்காரனுக்கு விதிப்புத்தகம் என்பது வெற்றிலை பாக்கு மாதிரி, மென்றுகொண்டே இருக்கலாம். உள்ளே சீட்டு கூடாது, விலாசம் கூடாது, நம்பர் கூடாது, சரி. அப்புறம் ஒரு மூலையில், உணவுப் பொருள் விற்கிறவர்கள் சட்டப்படி உறையின் மேல் தயாரிப்பாளர் பெயரும் முழு விலாசமும் குறை சொல்வதற்குத் தொடர்பு எண்ணும் அச்சிட்டே தீர வேண்டும் என்று இருந்தது. அதை நான் இரண்டு தடவை படித்தேன். ருசித்துப் படித்தேன்.

எங்கள் பழைய லேபிளில் விலாசம் எறும்பு ஊர்வது போல இருந்தது. புது லேபிள் அடித்தேன். வாழைப்பூ வடகம் என்பது சின்ன எழுத்து. மயிலம்மாள், தர்மராஜ் வீட்டு மாடிப்படிக்கடி, அம்மா மண்டபம் சாலை, ஸ்ரீரங்கம் என்பது புனேயில் கண்ணாடி போடாதவர் தெருக்கோடியிலிருந்து படிக்கிற அளவு. அதற்கும் பெரிதாக, குறை இருந்தால் கூப்பிடவும் என்று என்னுடைய நம்பர்.

ரஞ்சித் அதைப் பார்த்துவிட்டு, "சார், இது..." என்று இழுத்தான்.

"சட்டம்" என்றேன்.

"எழுத்து ரொம்பப் பெருசா இருக்கே."

"எழுத்து இவ்வளவுக்குக் குறையக் கூடாதுன்னுதான் போட்டிருக்கான். கூடக் கூடாதுன்னு எங்க போட்டிருக்கு, காட்டு."

அவன் சிரிப்பை அடக்கிக்கொண்டு போனான்.

ஐப்பசி மழை வந்தது. மாடியில் வேலை நின்றது. சீட்டுப் பணம் மயிலம்மாள் கைக்கு வந்தது. தினமும் என் போனைத் தலைகீழாகப் பார்த்தேன். குறை சொல்லக்கூட ஒருவரும் கூப்பிடவில்லை. புகாரும் வரவில்லை, நல்ல வார்த்தையும் வரவில்லை. ஆர்டர் கொடுத்த யாரும் அதுவரை இரண்டாம் தடவை வந்த மாதிரியும் தெரியவில்லை. கடைசிப் பத்து நாளும் பவித்ரா லீவு போட்டுத் தானே பாக் செய்தாள், மிளகாய் இல்லாமல். மயிலம்மாள் அதைப் பார்க்கவில்லை என்பது போல முகத்தைத் திருப்பிக்கொண்டு, கடையில் வாங்குகிறவர்களுக்கு இரண்டு பிடியாக அள்ளிப் போட்டார்.

இலவசக் கடை முடிகிற நாளும் தர்மராஜின் கெடுவும் ஒன்றாகவே வந்து சேர்ந்தன. மத்தியானம் பொந்துக்கு முன்னால் நாங்கள் அத்தனை பேரும் நின்றோம். உள்ளே மயிலம்மாள், மடியில் மஞ்சள் பையில் சீட்டுப் பணம். இந்தப் பக்கம் பவித்ராவும் நானும், அந்தப் பக்கம் ரஞ்சித். எதிர்ச் சாரியில் டீக்கடையில் பாலு, பார்க்காதது போலப் பார்த்துக்கொண்டு, எந்தச் சுவரில் எத்தனை கவர் தொங்கவிடலாம் என்று கண்ணாலேயே அளந்துகொண்டிருந்தான். மாடியில் தர்மராஜின் செருப்புச் சத்தம்.

"அம்மா, முடிவு பண்ணு" என்றாள் பவித்ரா. "அவர் இறங்கி வந்துடுவாரு."

"கணக்கு என்ன சொல்லுது?" என்று மயிலம்மாள் என்னைக் கேட்டார்.

வாழ்க்கையில் முதல் தடவையாக நான் மிகைப்படுத்தாமல் சொன்னேன். "மிளகாயோட அனுப்பினா கைநஷ்டம். மிளகாய் இல்லாம அனுப்பினா கொஞ்சம் நிக்கும். விளம்பரத்துக்குப் போட்டா அதுவும் போயிடும். இங்க உக்காந்தா நிக்கும், ஆனா வெயிலு."

"சார் எந்தப் பக்கம்னே தெரியலையே" என்றான் ரஞ்சித்.

"எனக்கே தெரியலைப்பா."

அப்போதுதான் என் போன் அடித்தது. தெரியாத நம்பர்.

"ஸ்ரீரங்கம் வடகக் கடையா?" வயதான குரல், மெதுவாக, யாருக்கும் கேட்கக் கூடாது என்பது போல. "நான் புனேயில இருந்து பேசறேன். தங்கையன். பூர்வீகம் லால்குடிப் பக்கம். உங்க பெட்டியில ஒரு புகார் பண்ணியிருந்தோமே."

ஸ்பீக்கரைப் போட்டேன். ரஞ்சித் முகம் வெளுத்தது.

"சொல்லுங்க ஐயா. இன்னும் என்ன குறை?"

"புகார் குடுத்தது என் பையன். மிளகாயைத் தின்னது நான்."

ரோட்டில் ஒரு டவுன் பஸ் போயிற்று.

"அவன் குப்பையில போட்டுட்டான். அவன் ஆபீஸ் போனப்புறம் எடுத்து, துடைச்சு, எண்ணெயில பொரிச்சுத் தயிர்சாதத்துக்கு வெச்சுக்கிட்டேன். தயிர்சாதத்தை நான் தயிர்சாதமா சாப்பிட்டு எத்தனையோ வருஷமாச்சுங்க. ஆப்ல தேடினா அந்த மிளகாய் இல்லை. அப்புறம் போன வாரம் பையன் ரெண்டாவது தடவை வடகம் வரவழைச்சான். அதுல மிளகாயே இல்லை. உறையில பெருசா இந்த நம்பர் இருந்துச்சு. குறை இருந்தா கூப்பிடவும்னு போட்டிருக்கு. அதான், குறை. மிளகாய் இல்லை."

பவித்ரா தரையைப் பார்த்தாள். மயிலம்மாள் என் கையிலிருந்து போனை வாங்கினார்.

"ஐயா, அது தனியா விக்கிறது இல்லீங்க. வடகம் வாங்கினா கூட வரும்."

"வடகம் வேணாம்மா, எனக்குப் பல்லு இல்லை. மிளகாய் பிசைஞ்சா போதும். மார்கழியில ஏகாதசிக்கு ஸ்ரீரங்கம் வரோம், மருமக வேண்டுதல். அப்ப நேரா வந்து வாங்கிக்கறேன். கடை இருக்குமில்ல?"

மயிலம்மாள் மஞ்சள் பையைத் தொட்டுக்கொண்டார். எதிர்ச் சாரியில் பாலு டீ கிளாஸை வைத்துவிட்டு எழுந்தான். மேலே செருப்பு படியிறங்க ஆரம்பித்தது.

"இருக்கும்" என்றார் மயிலம்மாள். "நீங்க வாங்க. இருக்கும்."

போனை என்னிடம் கொடுத்துவிட்டுப் பொந்திலிருந்து வெளியே வந்தார், திரும்புவதற்காக அல்ல. தர்மராஜ் கடைசிப் படியில் கால் வைத்ததும் மஞ்சள் பையை அவர் கையில் வைத்தார்.

"எண்ணிக்குங்க. அடுத்த வருஷம் ஏத்தறதா இருந்தா இப்பவே சொல்லிடுங்க, சண்டையை இன்னிக்கே போட்டுடுவோம். இன்னொண்ணு, மேல ஒரு தகரம் இறக்கிக் குடுக்கணும், ஒரு ஃபேனுக்கு கரண்ட் குடுக்கணும். இத்தனை வாங்கறீங்க இல்ல."

தர்மராஜ் தகரத்துக்கு ஒப்புக்கொண்டார், ஃபேனுக்கு முனகினார். "ஃபேன் இல்லாட்டி பையைக் குடுத்துடுங்க" என்றாள் பவித்ரா. கையை நீட்டியே விட்டாள். ஃபேனுக்கும் ஒப்புக்கொண்டார்.

அப்புறம் அவள் அம்மாவிடம் திரும்பினாள். "ஒரு கிழவர் போன் பண்ணாருன்னு மொத்தப் பணத்தையும் குடுத்துட்ட. ஒரே ஒரு ஆளும்மா. ஒரு ஆளு மார்க்கெட்டா?"

"உன் ஆப்ல மூணு மாசமா வந்தவங்கள்ள எத்தனை பேரு நான் இருக்கேனான்னு கேட்டாங்க?"

"அது கேள்வியே இல்லை."

"எனக்கு அதாண்டி கேள்வி. நஷ்டமானா நான் பாத்துக்கறேன். அவன் ரூலுக்கு என் கையைக் கட்டிக்கிட்டு ஃபேன் கீழ உக்காரறதுக்கு, இங்கயே உக்காந்துட்டுப் போறேன்."

பவித்ராவுக்குக் கோபம் போகவில்லை. ஆனால் சற்று நேரத்தில் என்னிடம், "ஃபேன் எந்தப் பக்கம் மாட்டினா பொட்டலம் பறக்காது சார்?" என்று கேட்டாள்.

ரஞ்சித் தன் பையை எடுத்துக்கொண்டான். இந்த மாத டார்கெட் அவனுக்குத் தப்பிவிட்டது, அது முகத்தில் தெரிந்தது. போவதற்கு முன்னால் கால் கிலோ வடகம் கேட்டான். மயிலம்மாள் நிறுத்துக் கொடுத்தார். கை டப்பாவுக்குள் போயிற்று. இரண்டு மிளகாய் கூடவே விழுந்தது.

"நான் சண்டை போடலையே அம்மா" என்றான்.

"எழுத்து பெருசா இருக்குன்னியே, அதுக்கு."

அவன் போனில் பணம் அனுப்பிவிட்டு, துறையூர் பஸ்ஸைப் பிடிக்க ஓடினான். பாலு வந்து, ரொம்ப நேரமாக அதற்காகவே காத்திருந்தவன் போல, அரைக் கிலோ வாங்கிக்கொண்டு போனான். அவனுக்கும் விழுந்தது ஒரு பிடி.

மறுநாள் காலையில் பஜார்பெட்டியில் எங்கள் கடையைத் தேடினேன். இந்தக் கடை தற்போது இயங்கவில்லை என்று வந்தது. போனை அப்படியே பொந்துக்கு எடுத்துக்கொண்டு போய், மயிலம்மாள் கடைக்குக் கொட்டை எழுத்தில் புதுப் பெயர்ப் பலகை எழுதிக்கொண்டிருந்த ஆளிடம் காட்டினேன். அவர் போனையும் என்னையும் ஒரு தடவை பார்த்துவிட்டு, வண்ணத்தை நல்ல அடர்த்தியாக அடித்தார்.

அப்புறம் தங்கையன் ஐயாவின் பார்சல். மார்கழி வரைக்கும் அவர் எப்படித் தாங்குவார்? தபாலில் அனுப்புவது என்று முடிவாயிற்று. மயிலம்மாள் முதல் தடவையாக மோர் மிளகாய்க்கு ஒரு விலை சொன்னார், சொல்லும்போது வாயில் கசந்தது போல முகம் போயிற்று. நான் மிளகாயை நிறுத்தேன். இந்தத் தடவை பேனாவை மூடி காதில் செருகிக்கொண்டு காத்திருந்தேன்.

அவருடைய வலது கை தானாகப் பக்கத்து டப்பாவுக்குள் போய், பாதியில் நின்றது. உள்ளே மிளகாய். வாங்கியதையே கூடப் போடக் கூடாது.

"இப்ப என்ன பண்றது சார்?" என்றார். நான் பார்த்ததிலேயே முதல் தடவையாக அந்தக் கைக்கு எங்கே போவது என்று தெரியவில்லை.

"நீங்கதான் சொல்லணும்."

கொஞ்ச நேரம் டப்பாக்களைப் பார்த்தார். அப்புறம் வடகக் கூடையிலிருந்து ஒரு பிடி, பெரிய பிடி, அள்ளிப் பெட்டியில் போட்டார்.

"அவருக்குத்தான் பல்லு இல்லையே" என்றேன்.

"அது அவர் பையனுக்கு" என்றார் மயிலம்மாள். "வட்டம் போட்டு அனுப்பட்டும்."

பெட்டியை என் பக்கம் தள்ளினார். அதற்குப் பிறகுதான் நான் எடை போட்டேன்.